நூற்றுப் பதினான்காம் பக்கத்துக் கருவாடு

அன்பு மகள் சுண்டுவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. வழக்கமாக இந்த இடத்தில் நானும் அம்மாவும் நலம் என்று எழுதிவிட்டு, நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி அடுத்த வரிக்குத் தாவிவிடுவேன். இந்த முறை முக்கால் நலம் என்று திருத்திக்கொள். பதறாதே, மீதிக் கால் என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் உன்னிடம் ஐந்து மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதே போனில் அதே வாயால் உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தவிர உனக்கு ஒரு தாள் அனுப்ப வேண்டியிருக்கிறது. படம் பிடித்து அனுப்பினால் போதாதா என்று கேட்காதே, அது இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டிய தாள்.

நீ மனதில் வைத்துக் குமைந்துகொண்டிருக்கும் விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அம்மாவின் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய சமையல் புத்தகம் வந்து இரண்டரை மாதம் ஆகிறது, அதைப் பற்றி அம்மா உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிடிக்கவில்லையா, கோபமா, இருபத்திரண்டு வருஷமாக பஸ் டிப்போ கேன்டீனில் தலைமைச் சமையல்காரியாக இருப்பவளுக்குச் சமையல் புத்தகம் அனுப்பியது அவமானமாகப் பட்டதா என்றெல்லாம் நீ மூன்று தடவை கேட்டாய். நான் மூன்று தடவையும், ராத்திரி பகல் அதையேதான் படிக்கிறாள், தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள் என்றேன். அது அப்போது பச்சைப் பொய். புத்தகம் அப்போது செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில், என் பழைய டூல் பைக்கு அடியில் இருந்தது. ஒளித்து வைத்தவன் நான்தான். இப்போது அதே வாக்கியம் நூற்றுக்கு நூறு உண்மை. நடுவில் நடந்ததைக் கேள்.

ஐந்து மாதத்துக்கு முன் அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்ததே, சாதாரணக் காய்ச்சல்தான், நாலு நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னேனே, காய்ச்சல் நாலு நாளில் போனது உண்மை. போகும்போது அம்மாவின் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எங்களுக்கே ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், வீடு முழுக்கப் புகை, கருகிய பால் நாற்றம், எனக்கு இருமல் பிய்த்துக்கொண்டு போகிறது. அம்மா அடுப்புக்கு இரண்டடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்து சாவகாசமாக பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் பாய்ந்துபோய் அடுப்பை அணைத்தேன். அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு பாத்திரத்துக்குள் முகத்தைக் கொண்டுபோய் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க என்றாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்க விருப்பமில்லை.

டாக்டரிடம் போனோம். காய்ச்சலில் நரம்பு சோர்ந்துபோயிருக்கிறது, மூக்கோடு நாக்கும் மந்தமாகியிருக்கிறது, சிலருக்கு ஆறு மாதத்தில் வரும், சிலருக்கு வருஷமாகும், சிலருக்கு வராமலும் போகலாம் என்றார். நான் லிஃப்ட் மெக்கானிக், எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம், ஒரு பாகம், ஒரு தேதி என்று பழகியவன். பாகமே கிடையாது, தேதியும் தெரியாது என்று ஒருவர் சொன்னதும் எனக்கு ஆத்திரமாக வந்தது. வெளியே வந்ததும் அம்மா ஒரே ஒரு சொல், சுண்டுகிட்ட சொல்லாதீங்க என்றாள். உனக்குத்தான் தெரியுமே, நீ கேட்ட மாத்திரத்தில் டிக்கெட் எடுத்து எங்களை மூட்டை கட்டி அங்கே இறக்கிக்கொள்வாய். உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கிற ஆள் இல்லை அவள்.

கேன்டீனில் என்ன செய்தாள் என்கிறாயா, மறைத்தாள். அம்மாவின் பெருமையே அதுதான் என்று உனக்குத் தெரியும். அண்டாவுக்குப் பத்தடி தள்ளி நின்று, கொதிக்கிற வாசனையிலேயே, உப்பு ஒரு கை குறையுது என்பாள். நூற்றுத் தொண்ணூறு டிரைவர், கண்டக்டர்கள் அந்த மூக்கை நம்பித்தான் தட்டு ஏந்தினார்கள். இப்போது காய் நறுக்குகிற அம்மாளிடம் மட்டும் ரகசியத்தைச் சொன்னாள். குரலை வைத்து எல்லோரும் கீச்சு என்று கூப்பிடுவார்களே, அவளேதான். அம்மா கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்குகிற மாதிரி பாவனை செய்வாள், அதே நேரம் பின்னால் கீச்சு நிஜமாகவே ருசி பார்த்துப் போதாது என்று தலையை ஆட்டுவாள், அம்மா உப்பைக் கூட்டுவாள். ஏற்பாடு கச்சிதம். ஒரே ஒரு சங்கடம், கீச்சு ஆப்பிளுக்கே உப்புத் தொட்டுத் தின்கிறவள். அவள் நாக்குக்குப் போதும் என்றால் மற்ற மனிதர்களுக்கு அது கடல். பாவம் டிரைவர்கள், அம்மாவின் முகத்துக்கு அஞ்சி வாயைத் திறக்காமல் தின்றார்கள், தின்றுவிட்டுத் தண்ணீர் டிரம்மைச் சூழ்ந்துகொண்டார்கள். சாயங்காலம் வரை வரவேண்டிய டிரம் பன்னிரண்டரைக்கே காலி. குழாய் எங்கேயோ ஒழுகுகிறது என்று மேனேஜர் பிளம்பரையே கூப்பிட்டுவிட்டார்.

பிளம்பர் வந்து குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒழுகல் இல்லை என்று சொன்ன அன்றைக்குத்தான் அம்மாவுக்கு விஷயம் உறைத்தது. வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. வெளியே சொல்லாமல் வேறு நாக்குக்கு எங்கே போவாள், அதற்குப் பிறகும் கீச்சுவை வைத்தே ஓட்டினாள். இரண்டு நாள் கழித்துக் குடைக்காக அவள் கைப்பையைத் துழாவினேன், நாலாக மடித்த தாள் ஒன்று கையில் வந்தது. ராஜினாமாக் கடிதம். உடல்நிலை காரணமாகத் தொடர்ந்து பணி செய்ய இயலவில்லை, விடுவிக்கவும் என்று மூன்றே வரி. கையெழுத்துப் போட்டிருந்தாள், தேதி மட்டும் போடவில்லை. மடிப்பு மாறாமல் நான் அதைத் திருப்பி வைத்துவிட்டு, குடை எடுக்காமலே நனைந்துகொண்டு வேலைக்குப் போனேன்.

அந்த வாரம்தான் உன் பார்சல் வருகிறது. பிரித்தால் அட்டை தடித்த பெரிய சமையல் புத்தகம், முதல் பக்கத்தில் உன் கையெழுத்தில், உலகத்திலேயே நல்ல நாக்கு உள்ள அம்மாவுக்கு என்று. சுண்டு, உன்மேல் தப்பே இல்லை, நாங்கள் சொல்லாததால் உனக்குத் தெரியாது. ஆனால் அந்த வரியை அவள் கண்ணில் பட விடுவேனா. செருப்பு அலமாரிக்குப் போயிற்று புத்தகம்.

ஒளித்து வைத்தவன் சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் நீ போனில் என்ன சமைத்தாள் என்று கேட்பாயே, பதில் சொல்ல நாலு பெயராவது தெரிய வேண்டாமா என்று வேலைக்குக் கிளம்பும்போது பையில் போட்டுக்கொண்டேன். பதினாறு மாடிக் கட்டடம், உச்சியில் மோட்டார் அறை, சாப்பாட்டு நேரம். காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ரொட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தேன். இரண்டாம் நம்பர் லிஃப்டின் பிரேக்கைப் பார்க்க ஒன்றரை மணிக்கு எழுந்திருக்க வேண்டியவன் இரண்டு மணிக்குத்தான் எழுந்தேன். வெறும் ரொட்டியைத்தான் தின்றேன், வாயில் வெண்ணெயில் வதக்கிய வெங்காயம் மணத்தது. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நீ நம்பு.

அந்தப் புத்தகம் யார் எழுதியது என்று நீ பார்த்துத்தான் வாங்கியிருப்பாய். கப்பலில் சமையல்காரராக இருந்த ஒருவரின் மகள். அப்பா வருஷத்துக்கு இரண்டு முறை விடுப்பில் வருவார், வந்தால் சமைப்பார், அவள் ஸ்டூல் போட்டு ஏறி நின்று பார்ப்பாள், அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு சமையலுக்கும் முன்னால் இரண்டு பக்கம் அவர் கை, அவர் கோபம், வெங்காயம் நறுக்கும்போது அவர் முனகுகிற பாட்டு. எனக்கு மெஷின் கையேடுகள் படிப்பது பிடிக்கும், காலை டீயோடு கூட அதைத்தான் படிப்பேன், அதற்காக நீயும் அம்மாவும் செய்த கேலி கொஞ்சமா நஞ்சமா. இதுவும் ஒரு கையேடுதான் என்று நினைத்துத் திறந்தேன். கையேடுதான், ஆனால் எழுதிய ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்.

ருசி கண்டுவிட்டதா, நூலகத்தில் இன்னும் இரண்டு எடுத்தேன். பதிவு செய்கிற பெண் என்னையும் புத்தகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வீட்ல அவங்க ஊருக்குப் போயிருக்காங்களா சார் என்று இரக்கத்தோடு கேட்டாள். ஒன்று பெரிய ஓட்டல் முதலாளி எழுதியது. பன்னிரண்டு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிக்கொள்ளவும் என்று அரை வரியில் முடித்துவிடுகிறார். அந்த மனுஷன் ஜென்மத்தில் வெங்காயம் நறுக்கியதில்லை, அவருக்குப் பின்னால் நாலு பேர் கண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இன்னொன்று புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு என்று எவரோ எழுதியது, ஆயிரம் சமையல், ஆயிரத்திலும் கடைசி வரி ஒன்றே, உப்பு தேவையான அளவு. எவ்வளவு தேவை என்று தெரியாமல்தானே ஐயா புத்தகம் வாங்குகிறான். பிரேக்கைத் தேவையான அளவு முறுக்கவும் என்று ஒரு கையேட்டில் போட்டிருந்தால் நான் அந்தக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனாலும் விடாமல் படித்தேன். சமையல் புத்தகம் படிக்கிறவன் அடுத்தவர் வீட்டு அடுக்களைக்குள் கூப்பிடாமலே நுழைந்துவிடுகிறான். யார் கைதாராளம், யார் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுகிறவர், யாருக்குப் பாத்திரம் கழுவ ஆள் இருக்கிறது, யார் தனியாகச் சாப்பிடுகிறவர், எல்லாம் நாலு பக்கத்தில் தெரிந்துவிடும். ஒருவருக்கான அளவு என்று போட்டு ஒரு முட்டை சமையலை மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள் உன் கப்பல்காரர் மகள், அதைப் படித்தபோது உன் ஞாபகம் வந்து புத்தகத்தை மூடி வைத்தேன்.

மாட்டிக்கொண்டது என் வாயால்தான். முப்பத்தோரு வருஷமாக அடுப்பு எந்தப் பக்கம் பற்றும் என்று தெரியாதவன், ஒருநாள் அம்மா வெங்காயம் வதக்கும்போது பக்கத்தில் போய் நின்று, அவசரப்படக் கூடாது, தீயைக் குறைச்சு வை, வெங்காயம் தானா இனிப்பு விடணும் என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். யார் சொன்னா உங்களுக்கு என்று ஒரே கேள்வி. நான் டிவி என்றேன், நம் டிவி ரிப்பேராகிப் பத்து நாள். அரை மணி நேரத்தில் வீட்டைப் புரட்டிப் புத்தகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். செருப்பு அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து உன் வரியை வாசித்தாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், அழுவதைப் பார்க்கிற தெம்பு எனக்கில்லை. பத்து நிமிஷம் கழித்து எட்டிப் பார்த்தால் அவள் அழவில்லை, இருபதாம் பக்கத்தில் இருந்தாள். அன்றைக்கு அடுப்பில் வதங்கிய வெங்காயத்தோடு சரி, வேறு சமையல் கிடையாது. நான் ரொட்டி வாங்கி வந்தேன். அவள் எழுந்திருக்கவே இல்லை.

அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும் நான் வாசிப்பேன், அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, எலுமிச்சம்பழத் தோலைத் துருவுகிற பக்கம் ஒன்று வந்தது. துருவும்போது மேலே தெறிக்கிற எண்ணெய் விரலில் ஒட்டிக்கொள்ளும், அந்த விரலோடு அப்பா என் கன்னத்தைக் கிள்ளுவார் என்று எழுதியிருக்கிறாள். அம்மா, நிறுத்துங்க, அந்த வரியத் திரும்பப் படிங்க என்றாள். படித்தேன். அவள் தொண்டை ஏறி இறங்கியது, எச்சில் விழுங்கினாள் சுண்டு, நிஜமான பழத்தை மூக்கில் வைத்துத் தேய்த்தபோது கல்லாக இருந்தவள். படிக்கும்போது வருதுங்க என்றாள், பழத்துல இல்லாதது பேப்பர்ல எப்படிங்க வருது என்றாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, வருகிறதல்லவா. நான் அந்த வரியை ஏழு தடவை வாசித்தேன்.

இனி தலைப்புச் சேதி. நூற்றுப் பதினான்காம் பக்கம், கருவாடும் உருளைக்கிழங்கும். கப்பல்காரர் விடுப்பில் வந்த முதல் காலையில் செய்வது. நானூறு கிராம் கருவாடு, ஐந்து கிழங்கு, பால், வெண்ணெய், உப்பு இரண்டு கரண்டி, முப்பது நிமிஷம். வாசித்து முடித்ததும் அம்மா கண்ணைத் திறந்து, இதைத் தின்ன முடியாது என்றாள். ஏன் என்றேன். கருவாட்டை ஊற வைக்கவே இல்ல, அதுக்கு மேல ரெண்டு கரண்டி உப்பா, வாயில வைக்க முடியாது என்றாள். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. பத்துப் பேர் சரிபார்த்து அச்சடித்த புத்தகம், இருநூற்றுச் சொச்சம் பக்கம் ஒழுங்காக எழுதியவள் இங்கே மட்டும் தப்பாகவா எழுதுவாள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உனக்கு இப்ப எப்படி அவ்வளவு நிச்சயமாத் தெரியும் என்றும் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்து, அப்ப நீங்களே சமைங்க, ஒரு எழுத்து மாத்தாம என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமைத்தேன். பழக்க தோஷம், முதலில் மெயின் சுவிட்சைத் தேடினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புத்தகத்தைத் தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்த்து நிறுத்தி, தராசில் நிறுத்து, கடிகாரத்தைப் பார்த்து, அச்சில் இருந்தது இருந்தபடி செய்தேன். முப்பதாவது நிமிஷம் இறக்கினேன். பார்க்க அழகாக இருந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆளுக்கு ஒரு கரண்டி. வாயில் வைத்ததும் என் காது அடைத்தது, கண்ணில் நீர் முட்டியது, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றேன். எதிரே அம்மா அதே கருவாட்டை நிதானமாக மென்றுகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி இருக்கு என்று கேட்டாள். நான் குழாயடிக்கு ஓடினேன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது, திரும்பிப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், காய்ச்சலுக்குப் பிறகு முதல் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் அப்படியே கொஞ்சம் அழவும் செய்தாள்.

அன்றைக்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நாக்கு போனா போகுதுங்க, கணக்கு தலையில இருக்கு என்றாள். தட்டில் இருந்ததை அவளால் ருசிக்க முடியவில்லை, ஆனால் தாளில் படித்தே அது உப்புக் கரிக்கும் என்று சொல்லிவிட்டாள், நாக்கு உள்ள நான் ஏமாந்தேன். இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பொண்ணு பொய் எழுதல, அவங்கப்பா முந்தின நாளே கருவாட்டை ஊறப் போட்டு, தண்ணிய மாத்தி மாத்தி உப்பை எடுத்திருப்பாரு, அதனாலதான் மறுபடி உப்பு போட்டாரு, இது காலைல எந்திரிச்சு வந்து ஸ்டூல்ல ஏறினதுக்கு அப்புறம் பார்த்ததை மட்டும் எழுதியிருக்கு என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உனக்கு நாங்கள் அத்தனை நாளாகக் காட்டியதும் அந்தப் பாதியைத்தானே. இந்தக் கடிதம் எழுத அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை நான் ஒரு நோட்டு வாங்கி வந்தேன். லிஃப்ட் சர்வீஸ் தாளில் போடுகிற மாதிரியே கட்டம் போட்டுக் கொடுத்தேன், பொருள், எடை, நேரம், கண்ணில் தெரிய வேண்டியது, காதில் கேட்க வேண்டியது. கேன்டீனில் போடுகிற இருபத்தேழு சமையலையும் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றைக்கூட எழுதி வைக்காதவள். உப்பு வரும்போதெல்லாம் சண்டை. தேவையான அளவுன்னு போடுங்க என்பாள், நான் பேனாவை மூடிவிடுவேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையை உப்பு அள்ளுகிற மாதிரிக் குவிப்பாள், அந்தக் கையில் நிஜ உப்பைப் போட்டு நிறுத்துப் பார்த்து கிராமை எழுதுவேன். மூன்று வாரம் ஆயிற்று. நோட்டு முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், கீச்சு விஷயம் உள்பட. அந்த மனிதர் எதற்கும் ஒரு தாள் கேட்கிறவர், தாள் இருந்தால் நம்புகிறவர். அப்ப இத்தனை நாளும் தண்ணிய குடிச்சது குழாய் இல்லையா என்று கேட்டாராம். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, ரெண்டு வாரம் பார்ப்போம்மா, ஆளுங்க முகம் சுளிச்சா அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது என்றாராம். கைப்பையில் அந்தத் தாள், தேதி போடாமல், அப்போதும் இருந்தது.

முதல் நாள் சீனியர் டிரைவர், எல்லோரும் பெரியவர் என்பார்களே, அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, என்னம்மா சப்புனு இருக்கு என்றார். கீச்சுவின் கைங்கரியத்துக்குப் பழகிய நாக்கு, வேறெப்படி இருக்கும். கீச்சு ஓடிப்போய் உப்பு டப்பாவைத் தூக்கிவிட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தி, தாள்ல என்ன இருக்கோ அதுதான் என்றாளாம். ஒரு கிராம் கூட்டவில்லை. இரண்டாம் நாளும் பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தின்றார். மூன்றாம் நாள் பேசவில்லை. நாலாம் நாள் தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி வரிசையில் வந்து நின்றார். இரண்டாவது வாரக் கடைசியில் அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், மூணு மணிக்கு டிரம்முல பாதித் தண்ணி இருந்துச்சுங்க என்றாள். மேனேஜர் வந்து டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு, நோட்டை ஒரு நகல் எடுத்து ஆபீஸ் ஃபைலில் வைத்துக்கொண்டாராம். அதுதான் அவர் பாராட்டுகிற விதம்.

மூக்கு இன்னும் வரவில்லை, அதையும் மறைக்க மாட்டேன். போன வாரம் ஆரஞ்சு வாசனை அடிக்கிறது என்று துள்ளிக் குதித்து வந்தாள், வீட்டில் ஆரஞ்சே இல்லை. அன்றைக்கு இரண்டு பேருக்கும் முகம் வாடித்தான் போயிற்று. ஆனால் வரும் என்றுதான் நான் சொல்கிறேன், வராவிட்டாலும் இவள் அண்டாவை விட்டு நகரப் போவதில்லை என்றும் சொல்கிறேன். எனவே டிக்கெட் கிக்கெட் எதுவும் எடுக்காதே. உனக்கு விடுப்பு கிடைத்தால் நீ வா, வந்து என் கையால் கருவாடு சாப்பிடு, இப்போது ஊற வைக்கத் தெரியும். காசைத் தபாலுக்குச் செலவு செய், உன் ஊரில் கிடைக்கிற சமையல் புத்தகங்களை அனுப்பு. வழவழப்பான படம் போட்டது வேண்டாம், மனுஷர்கள் எழுதியதாகப் பார்த்து வாங்கு, நடுவில் அப்பாவோ அத்தையோ யாராவது கோபப்பட்டால் இன்னும் நல்லது. ஓட்டல் முதலாளி மட்டும் வேண்டாம், அவரை அம்மாவுக்குக் கட்டோடு பிடிக்கவில்லை.

நீ பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியும், போனில் பிரிட்ஜ் உறுமுவது கேட்கிறது. உட்கார்ந்து சாப்பிடு. எதிரே ஆள் இல்லாவிட்டால் ஒரு சமையல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள், பேசுகிற ஆள்தான் அதுவும். வெறும் ரொட்டியாக இருந்தாலும் இறங்கும், மோட்டார் அறையில் நான் சோதித்துப் பார்த்தது.

இதோடு வைத்திருக்கும் தாள் அம்மா உனக்காக எழுதியது, உருளைக்கிழங்கு சூப், ஒருவருக்கான அளவு. தாளைத் திருப்பிப் பார், பின்பக்கம் மூன்று வரியும் கையெழுத்தும் இருக்கும், அந்த ராஜினாமாதான். கிழிச்சுப் போடவேண்டியதை ஏன் வீணாக்கணும், பின்னாடி காலியாத்தானே இருக்கு என்று அதிலேயே எழுதிவிட்டாள். கிழங்கு எத்தனை கிராம், பால் எத்தனை மில்லி, எத்தனை நிமிஷம், கரண்டியைத் தூக்கினால் எப்படி விழ வேண்டும் எல்லாம் எழுதியிருக்கிறாள். கடைசி வரியில் மட்டும், உப்பு தேவையான அளவு என்று போட்டிருக்கிறாள். நான் விடுவேனா, இருபத்தேழு பக்கத்துக்கு கிராம் சொன்னவள் இதற்கு மட்டும் ஏன் சொல்லவில்லை, மறந்துவிட்டாயா என்று கேட்டேன். மறக்கலை, அவ நாக்கு அவகிட்ட இருக்குல்ல, போட்டுப் பார்த்து எவ்வளவு தேவைப்பட்டுச்சு, எப்படி இருந்துச்சுன்னு எழுதட்டும், நான் படிச்சுப் பார்க்கணும் என்றாள்.

அதனால் சமைத்துவிட்டு ஒரு முழுப் பக்கமாவது எழுது. நல்லா இருந்துச்சு என்று ஒரே வரியில் முடித்தால் திருப்பி அனுப்பிவிடுவாளாம், சொல்லச் சொன்னாள். உடம்பும் மனதும் கெட்டியாக இருந்து, நினைத்தது கைகூடி, பசித்து உண்டு நன்றாகத் தூங்க எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. மறக்காதே, சூடாக இருக்கும்போதே எழுது. அம்மாவுக்குப் பசிக்கிறது.

இப்படிக்கு
இனி உன்னிடம் எதையும் ஒளிக்காத
அப்பா